திறந்து பாருங்கள், கடிக்காது

லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைப் பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பதிலுக்குப் போகுமுன் ஒன்று. தமிழ்ப் பக்கத்தில் ஆங்கில எழுத்து கூடாது என்பது இந்தப் பத்திரிகையின் பிடிவாதம். அதனால் கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன். கணினியில் நீங்கள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். கோப்புக்குள் வரும் லாடெக் கட்டளை ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்வுக்கோடு உண்டு. ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

கேள்வி: ஆய்வேட்டை லாடெக்கில்தான் தர வேண்டும் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். 'தொடக்கநிலையாளர்களுக்கு' என்று போட்ட நான்கு கையேடுகளை இறக்கினேன். எதிலும் பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. கோளாறு என்னிடமா?
(ஆய்வு மாணவர், காட்பாடி)

உங்களிடம் இல்லை தம்பி. கையேடு எழுதுகிறவர் எல்லாம் தெரிந்த பிறகுதான் எழுத உட்காருகிறார். தெரியாத காலத்தில் எந்தப் படியில் தடுக்கி விழுந்தோம் என்பது அவருக்கு மறந்தே போயிருக்கும். "உப்பு பார்த்துப் போடும்மா" என்று மருமகளிடம் சொல்லும் மாமியார் மாதிரி. பார்த்து என்றால் எவ்வளவு? அது மாமியாரின் கைக்குத்தான் தெரியும்.

வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு சந்தில் என் அப்பா அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கோயில் நோட்டீஸ். ஒரே ஒரு டிரெடில் மெஷின். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஈய எழுத்தை வரியாகக் கோர்க்கும் கம்போசிங் ஸ்டிக்கைக் கையில் கொடுத்தார். கேஸில் எந்தக் குழியில் எந்த எழுத்து என்று நான் மனப்பாடம் பண்ண ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார். "அத்தெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல உம் பேரக் கோத்துக் குடு." கோர்த்தேன். புரூஃப் எடுத்தால் பேர் பின்னாலிருந்து முன்னால் வந்தது. ஈய எழுத்து கண்ணாடி பிம்பம் ஆயிற்றே. அதைத் தலைகீழாக நிறுத்தி இடமிருந்து வலமாகக் கோர்த்துப்போனால்தான் தாளில் நேராக வரும். ஸ்டிக்கில் 'ப' கவிழ்ந்து வாசல் நிலை போல நிற்கும். இதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். தப்பாகக் கோர்த்ததால் நாற்பது வருஷமாக மறக்கவில்லை.

நீங்களும் முதல் நாள் எதையும் படிக்காதீர்கள். நாலே வரி அடியுங்கள். டாகுமென்ட்கிளாஸ் கட்டளை, அதன் நெளிவு அடைப்புக்குள் 'ஆர்ட்டிகிள்'. அடுத்து பிகின், அதே மாதிரி அடைப்புக்குள் டாகுமென்ட். பிறகு உங்கள் பெயர். கடைசியில் அதேபோல எண்ட் டாகுமென்ட். ஓட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் வரும். பிறகு வேண்டுமென்றே கெடுங்கள். கடைசி வரியை எடுத்துவிட்டு டெர்மினலில், அதாவது கணினிக்குக் கட்டளை அடிக்கும் சாளரத்தில், ஓட்டினால் மென்பொருள் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஓர் அடைப்புக்குறியைத் தின்றுவிட்டு ஓட்டுங்கள், வேறு மாதிரி அழும். இந்த அழுகைகளை ஒரு நாள் கேட்டுப் பழகினால் கையேட்டின் மூன்றாம் அத்தியாயம் தானாகப் புரியும்.

அதன் பிறகு கையேடு. லாடெக்கும் அதன் துணைக்கோப்புகளும் கையேடுகளும் அடங்கிய டெக்ஸ்லைவ் தொகுப்பை நிறுவியிருந்தால் டெர்மினலில் 'டெக்ஸ்டாக்' என்று அடித்து, இடைவெளி விட்டு 'எல்ஷார்ட்' என்று அடியுங்கள். டோபியாஸ் ஓட்டிக்கரின் அறிமுக நூல் திறக்கும். நெட் வேண்டியதில்லை, அது ஏற்கெனவே உங்கள் கணினிக்குள் கிடக்கிறது. லாடெக்குக்கு அடித்தளம் டெக் என்ற மென்பொருள். இந்திய டெக் பயனர் குழு திருவனந்தபுரத்திலிருந்து 2003இல் வெளியிட்ட பாடங்களும் நல்லவை. நம் ஊர் மாணவர்களுக்குச் சொல்லும் நிதானம் அதில் இருக்கிறது. ஆனால் பழசு, எழுத்துரு விஷயத்தில் மட்டும் அதைப் பின்பற்றாதீர்கள்.

இன்னொன்று. லாடெக்குக்குக் கூடுதல் வசதி தரும் துணைக்கோப்புக்குப் பேக்கேஜ் என்று பெயர். ஏதாவது ஒரு பேக்கேஜின் கையேடு எண்பது பக்கம் என்று பார்த்ததும் மூடிவிடுகிறீர்கள் இல்லையா? பல கையேடுகளில் உங்களுக்கானது முதல் பாதிதான். 'இம்ப்ளிமென்டேஷன்' என்ற தலைப்பு வந்து, ஓரத்தில் குட்டிக் குட்டி வரி எண்கள் ஆரம்பித்தால் அதற்கப்புறம் சமையற்கட்டு. சாப்பிட வந்தவர் அங்கே போக வேண்டியதில்லை. போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அடுத்த கடிதத்தைப் பாருங்கள்.

கேள்வி: தலைப்புக்கு அடுத்த முதல் பத்தி உள்தள்ளி வருவதில்லை. இரண்டாம் பத்தி முதல் சரியாக வருகிறது. எங்கள் கல்லூரி விதிப்படி எல்லாப் பத்தியும் உள்தள்ள வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் கையால் இடைவெளி போட்டு அலுத்துவிட்டது.
(கல்லூரி ஆசிரியை, ஆரணி)

கையால் போட்ட அத்தனையையும் முதலில் எடுத்துவிடுங்கள். கோப்பின் முன்பகுதியில், அதாவது டாகுமென்ட்கிளாஸுக்கும் பிகின் டாகுமென்ட்டுக்கும் நடுவே, 'யூஸ்பேக்கேஜ்' போட்டு நெளிவு அடைப்புக்குள் 'இன்டென்ட்ஃபர்ஸ்ட்' என்று எழுதினால் வேலை முடிந்தது. அவசரம் என்றால் இத்துடன் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

அவசரம் இல்லையென்றால், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மூலக்கோப்பைத் திறந்து பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. கேபிஎஸ்இ என்ற நான்கு எழுத்தோடு 'விச்' சேர்த்து ஒரே சொல்லாக டெர்மினலில் அடியுங்கள். இடைவெளி விட்டு 'ஆர்ட்டிகிள்' புள்ளி சிஎல்எஸ். அந்தக் கோப்பு கணினியில் எந்த மூலையில் இருக்கிறது என்று முகவரி வரும். சாதாரண எடிட்டரில் திறங்கள். தலையிலேயே ஒரு குறிப்பு: இந்தக் கோப்பு டாக்ஸ்டிரிப் மூலம் உண்டாக்கப்பட்டது, அசல் 'கிளாஸஸ்' புள்ளி டிடிஎக்ஸ் என்று இருக்கும். அசலைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன். இப்போது 'செக்‌ஷன்' என்ற சொல்லைத் தேடிக்கொண்டே போங்கள். அந்தத் தலைப்பைச் செய்கிற இடத்தில் 'ஸ்டார்ட்செக்‌ஷன்' என்ற கட்டளையும் அதன் பின்னால் ஆறு சரக்கும் இருக்கும். நான்காவது சரக்கு மைனஸ் 3.5 இஎக்ஸ். இஎக்ஸ் என்றால் அந்த எழுத்துருவில் சின்ன எக்ஸ் எழுத்தின் உயரம்.

தலைப்புக்கு மேல் விடுகிற இடம் எப்படி மைனஸ் ஆகும்? நானும் முதலில் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். விளக்கம் லாடெக்கின் கருவுக்கான மூல ஆவணத்தில் இருக்கிறது. 'டெக்ஸ்டாக் சோர்ஸ்2இ' என்று அடித்தால் அந்தக் கனத்த ஆவணம் திறக்கும், அதில் தேடுங்கள். மேலே விடும் இடம் மைனஸை நீக்கிய அளவுதான். மைனஸ் அங்கே ஒரு ரகசியக் கொடி: தலைப்புக்கு அடுத்த பத்தியை உள்தள்ளாதே. ஒரே எண்ணுக்குள் இரண்டு செய்தியை மடித்து வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குச் செய்த துரோகமும்கூட.

சரி, மைனஸை எடுத்துவிட்டால்? செக்‌ஷனுக்குச் சரியாகும், சாப்டருக்கு ஆகாது. சாப்டர் கட்டளை இந்தக் கொடியைப் பார்ப்பதே இல்லை. 'ஆஃப்டர்இன்டென்ட்ஃபால்ஸ்' என்ற உள்கட்டளையை நேராகக் கூப்பிடுகிறது. இப்போது இன்டென்ட்ஃபர்ஸ்ட் பேக்கேஜின் கோப்பைத் திறங்கள். குறிப்புகளைக் கழித்துவிட்டால் உயிர் இரண்டே வரியில் இருக்கும். ஒன்று, 'ஆஃப்டர்இன்டென்ட்ஃபால்ஸ்' என்பதற்கு இனி 'ஆஃப்டர்இன்டென்ட்ட்ரூ' என்பதே பொருள். இரண்டு, அந்த ட்ரூவை இப்போதே போடு. அவ்வளவுதான். விளக்கை அணைக்கிற சுவிட்சின் வயரைக் கழற்றி, விளக்கைப் போடுகிற சுவிட்சோடு முறுக்கிவிட்டார்கள். இனி யார் எதைத் தட்டினாலும் விளக்கு எரியும். இதை எழுதிய டேவிட் கார்லைலை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த இரண்டு வரியைப் படித்த அன்று எழுந்துபோய்க் காப்பி போட்டுக் குடித்தேன்.

எச்சரிக்கை இரண்டு. கணினியோடு வந்த கோப்பைத் திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் பாலாற்றோடு போய்விடும். அப்புறம், உள்கட்டளைப் பெயர்களில் அட் குறி ஒட்டியிருக்கும். பேக்கேஜுக்குள் அது ஓர் எழுத்து. உங்கள் கோப்பில் அது எழுத்து அல்ல. அங்கே எடுத்துவந்து எழுதுவதானால் 'மேக்அட்லெட்டர்' என்று தொடங்கி 'மேக்அட்அதர்' என்று மூட வேண்டும். கதவைத் திறந்தவர் மூடாமல் போனால் வேறெங்கோ காற்றடிக்கும்.

கேள்வி: டிடிஎக்ஸ் என்று முடியும் கோப்பைத் திறந்தேன். பெரும்பாலான வரி சதவீதக் குறியில் தொடங்குகிறது. லாடெக்கில் சதவீதக் குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் கணக்கில் சேராது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இந்தக் கோப்பில் இருப்பதெல்லாம் வீணா?
(வாசகி, சத்துவாச்சாரி)

அருமையான சந்தேகம். இதே சந்தேகத்தில் நான் ஒரு வாரம் உழன்றிருக்கிறேன்.

ஒரே கோப்பு, இரண்டு வாசகர்கள். கணினிக்கு வேண்டியது நிரல். மனிதருக்கு வேண்டியது விளக்கம். இரண்டையும் தனித்தனிக் கோப்பில் வைத்தால் நிரலைத் திருத்துகிறவர் விளக்கத்தைத் திருத்த மறப்பார். ஆகவே ஒன்றாகவே எழுதிவிடுவது. இந்த யோசனைக்கு மூலவர் டொனால்ட் நூத். 1977இல் தன் புத்தகம் ஒன்றின் இரண்டாம் பதிப்புக்கு வந்த புரூஃபைப் பார்த்து மனம் நொந்து, டெக்கை எழுதக் கிளம்பியவர். டெக்கின் நிரல் முழுவதையும் மனிதர் படிக்கும் விளக்கத்தோடு சேர்த்து 1986இல் புத்தகமாகவே போட்டார். லாடெக்கில் அதே வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஃபிராங்க் மிட்டல்பாக்.

டிடிஎக்ஸுக்குக் கூடவே ஐஎன்எஸ் என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று வரும். அதை ஓட்டினால் டாக்ஸ்டிரிப் வந்து சதவீதக் குறியில் தொடங்கும் விளக்க வரிகளை உதிர்த்துவிட்டு நிரலை மட்டும் தனிக் கோப்பாகத் தரும். நீங்கள் யூஸ்பேக்கேஜில் கூப்பிடுவது அந்த உதிர்த்த கோப்பைத்தான். ஆகவே அதில் விளக்கம் தேடினால் கிடைக்காது. டிடிஎக்ஸையே லாடெக்கில் ஓட்டினால் கதை தலைகீழ். சதவீதக் குறியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும்படி அது தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும். குறி மட்டும் மறையும், பின்னால் இருக்கும் விளக்கம் நூலாக அச்சாகும். ஒருவருக்கு உமி, இன்னொருவருக்கு அரிசி.

நிரல் வரும் இடங்கள் 'பிகின் மேக்ரோகோட்', 'எண்ட் மேக்ரோகோட்' என்ற இரண்டு வரிக்கு நடுவே இருக்கும். அந்த முடிவு வரியில் சதவீதக் குறிக்கும் அடுத்த பின்சாய்வுக்கோட்டுக்கும் நடுவே சரியாக நான்கு இடைவெளி இருக்க வேண்டும். மூன்று ஆகாது, ஐந்தும் ஆகாது. சென்னையில் ஓர் அச்சுக்கோப்பு நிறுவனத்தில் நான் வேலை பார்த்தபோது, ஓர் ஆய்விதழின் பாணிக்கோப்பில் இந்த இடைவெளி ஒன்று மூன்றாகிவிட்டது. தட்டியது என் விரலா வேறு யாருடையதா, தெரியாது. நிரல் அதற்குக் கீழே இருந்த விளக்கப் பத்தியையும் விழுங்கி, அடுத்த முடிவு வரி வரை தட்டச்சு எழுத்திலேயே ஓடியது. எழுத்துரு தப்பு என்று ஒருவர், பழைய பதிப்பு என்று இன்னொருவர். மத்தியானம் முழுக்கப் போயிற்று. கடைசியில் 'டாக்' பேக்கேஜின் கையேட்டில், அந்த நான்கு இடைவெளி கட்டாயம் என்று ஒரே ஒரு வரி. அப்பா எழுத்துக்கு நடுவே ஸ்பேஸ் ஈயத்தை விரல் நுனியால் தடவி எண்ணுவார். எனக்குத் தடவ ஒன்றும் இல்லை. எடிட்டரில் இடைவெளியைப் புள்ளியாகக் காட்டும் வசதி இருக்கும், அதைப் போட்டு வையுங்கள்.

கேள்வி: டெக்ஸ், லாடெக்ஸ் என்று சொன்னால் என் மகன் சிரிக்கிறான். எப்படி உச்சரிப்பது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவலம்)

கடைசி எழுத்து ஆங்கில எக்ஸ் இல்லை ஐயா, கிரேக்க எழுத்து. கலை, தொழில்நுட்பம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. தொண்டையில் காற்று உரசி வர வேண்டும் என்கிறார் நூத். ஆங்கிலேயர்களுக்கு அந்த ஒலி வராமல் 'டெக்' என்று முடித்துக்கொள்கிறார்கள். நமக்கென்ன, ஆய்தம் இருக்கிறது. 'அஃது' என்பதில் வருகிற அதே உரசலைக் கடைசியில் போட்டு 'டெஃ' என்று சொல்லிப் பாருங்கள். மகனைவிட நீங்கள் கிட்டே வந்துவிடுவீர்கள்.

கேள்வி: தமிழில் 'கொடி' என்று அடித்தால் கொம்பு ஓரிடம், 'க' ஓரிடம், கால் ஓரிடமாகச் சிதறுகிறது. எழுத்துரு சரியாகத்தான் இருக்கிறது.
(அச்சகம் நடத்துபவர், குடியாத்தம்)

நீங்கள் அச்சுக்காரர், உங்களுக்கு உடனே புரியும். கைக்கோப்பில் கொம்பை முதலில் வைப்போம், பிறகு 'க', பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசை. யூனிகோடு அப்படிச் சேமிப்பதில்லை. 'க' முதலில், ஒகரக் குறி பின்னால். காதில் விழும் வரிசை. அதைக் கண்ணுக்குரிய வரிசைக்கு யாராவது மாற்றிக் கோர்க்க வேண்டும். இது தமிழ் என்று சொன்னால்தான் மென்பொருள் அதைச் செய்யும்.

லாடெக்கை ஓட்டும் நிரல்கள் பல உண்டு. ஆகவே பிடிஎஃப்லாடெக்கை விட்டுவிட்டு ஜீலாடெக்கில் (அடிக்கும்போது எக்ஸ், இ என்று தொடங்கும்) ஓட்டுங்கள். 'ஃபான்ட்ஸ்பெக்' பேக்கேஜைப் போடுங்கள். எழுத்துருவைக் கூப்பிடும்போது சதுர அடைப்புக்குள் 'ஸ்கிரிப்ட் சமம் தமிழ்' என்று எழுதுங்கள், ஸ்கிரிப்டின் முதல் எழுத்தும் தமிழின் முதல் எழுத்தும் பெரிய எழுத்தில். நீங்கள் விட்டது அதுவாகத்தான் இருக்கும். லூவாலாடெக் என்றால் கூடவே 'ரெண்டரர் சமம் ஹார்ஃபஸ்' தேவை, அதிலும் இரண்டு சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்தில். நோட்டோ செரிஃப் தமிழ், லோகித் தமிழ் என்ற எழுத்துருக்கள் இரண்டிலும் நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பிழைச்செய்தி பத்து வரி வருகிறது. எதைப் படிப்பது?
(மாணவி, ராணிப்பேட்டை)

முதல் பிழையை மட்டும் படியம்மா. மற்றவை பெரும்பாலும் அதன் குட்டிகள். ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரிதான் நோய். 'அன்டிஃபைன்ட் கன்ட்ரோல் சீக்வென்ஸ்' என்றால் இப்படி ஒரு கட்டளையே எனக்குத் தெரியாது என்று பொருள். அதற்குக் கீழே எல் எழுத்தும் புள்ளியும் வரி எண்ணும் இருக்கும். பக்கத்திலேயே நீ எழுதிய வரி இரண்டாக உடைந்து படிக்கட்டு போலத் தெரியும். மேல்படியில் இருப்பது அது படித்து முடித்தது, கீழ்ப்படியில் இருப்பது இன்னும் படிக்காதது. மேல்படியின் கடைசிச் சொல்லைப் பார். தடித்த எழுத்துக்கான 'டெக்ஸ்ட்பிஎஃப்' என்பதை 'டெக்ஸ்ட்எஃப்பி' என்று அடித்திருப்பாய். நானும் மாதம் ஒருமுறையாவது அடிக்கிறேன். எச் அழுத்தினால் விளக்கம் தரும், எக்ஸ் அழுத்தினால் வெளியே வந்துவிடலாம்.

கேள்வி: வேர்டிலேயே எல்லாம் முடிகிறதே, இது எதற்கு?
(வாசகர், ஆம்பூர்)

முடிந்தால் வேர்டிலேயே முடியுங்கள். கல்யாணப் பத்திரிகைக்கு நான்கூட லாடெக்கைத் தொடுவதில்லை. சமன்பாடு, அடிக்குறிப்பு, முந்நூறு பக்கத்துக்கு மேற்கோள் பட்டியல் என்று வந்தால் கடிதம் போடுங்கள்.

கேள்வி: நூத்தின் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்தால் காசு தருவார் என்கிறார்களே, உண்மையா?
(ஆய்வு மாணவர், பாகாயம்)

உண்மை. 2 டாலர் 56 சென்ட். 256 என்பது இரண்டின் எட்டாம் அடுக்கு, பதினாறடிமான எண்முறையில் ஒன்றும் இரண்டு பூஜ்யமும். காசோலையை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டி வைத்தவர்களே அதிகம். 2008க்குப் பிறகு நிஜக் காசோலை கிடையாது. சான் செரிஃப் என்ற கற்பனை நாட்டு வங்கியின் பேரில் சான்றிதழ் தருகிறார். நான் ஒரு முறை பிழை என்று நம்பி ஒரு பக்கத்தை மூன்று நாள் படித்தேன். பிழை என் வாசிப்பில் இருந்தது. நீங்கள் அனுப்புவதாக இருந்தால், அவரது இணையப் பக்கத்தில் இருக்கும் திருத்தப் பட்டியலை முதலில் பாருங்கள். நீங்கள் கண்டது அதில் ஏற்கெனவே இருந்தால் தபால் செலவு மிச்சம்.